வியட்நாமில் ஓர் அடுப்பு

மனைவி கேட்பதற்கு முன்பே ஒன்றைக் கொடுத்துவிட்டால் பெரிய மனுஷன் ஆகிவிடலாம் என்பது பஷீருதீனின் கொள்கை. கேட்ட பிறகு கொடுத்தால் அது வெறும் கடமை. ஆனால் அன்று காலை ஜஹனாரா கேட்டே விட்டாள்.

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் பஷீருதீனுக்கு நாலே அறை கொண்ட ஒரு லாட்ஜ். மாடியில் வெள்ளைக்காரர்கள், கீழே வீடு. தங்குகிறவர்களுக்குக் காலை நாஸ்தா உண்டு என்று போர்டில் எழுதி மாட்டியது பஷீருதீன். அந்த நாஸ்தாவைச் சுட்டுப் போடுவது ஜஹனாரா. இருபத்திரண்டு வருஷமாக நடக்கும் இந்த ஏற்பாட்டில் பஷீருதீனுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

"ஏங்க," என்றாள் அவள், தோசைக்கல்லைப் பார்த்தபடியே. "எனக்கு அஞ்சு நாளு லீவு வேணும். அடுப்பு மூஞ்சில முழிக்காத அஞ்சு நாளு."

"அடுப்பு இன்னா பண்ணுச்சி உன்ன?"

"அது ஒண்ணியும் பண்ல. நான்தான் அதுக்குப் பண்ணிக்கினே கீறேன். எங்கன்னா இட்டுகினு போங்க. பக்கத்துல கீற கடப்பாக்கமானாலும் சரி."

"கடப்பாக்கமா?" பஷீருதீன் சிரித்தார். "லோகத்துல கீற வெள்ளக்காரனெல்லாம் நம்ம வூட்டுக்கு வர்றான். நாம கடப்பாக்கம் போறதா? ஃபாரின் போறோம். ஒரு ஊரு இல்ல, மூணு ஊரு."

இதைச் சொன்னபோது அவர் மனசு நிஜமாகவே விசாலமாகத்தான் இருந்தது. அதில் சந்தேகம் வேண்டாம். அது சுருங்க ஆரம்பித்தது மத்தியானச் சாப்பாட்டின்போது. தட்டில் வஞ்சிரக் குழம்பு. அஞ்சு நாளைக்கு இது கிடையாது என்ற எண்ணம் வந்ததும் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். முன்பு ஒரு கல்யாணத்துக்கு ஹைதராபாத் போயிருந்தபோது, ஊர் உலகமே புகழும் பிரியாணியை இரண்டு நாள் தின்றுவிட்டு, மூன்றாம் நாள் ஒரு கரண்டி புளிக்குழம்புக்காகக் கண் கலங்கியவர் அவர்.

ஜஹனாராவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் கனவில் இருந்தாள்.

"மலேசியா, சிங்கப்பூர் போலாங்க. அங்க தெருவுக்குத் தெரு நம்மாளுங்க கடைதானாம். எந்த நேரத்துலயும் பரோட்டா கெடைக்குமாம்."

பஷீருதீன் கணக்குப் போட்டார். தெருவுக்குத் தெரு கடை இருந்தால் இவள் எதற்குச் சமைக்கப் போகிறாள்?

"இப்ப யாரு சிங்கப்பூர் போறா? கூடுவாஞ்சேரியே கெளம்பி வியட்நாமுக்குத்தான் போய்க்கினு கீது. ஹனோய், டா நாங், ஹோ சி மின். வீசாகூட ஆன்லைன்லயே வந்துடும்."

"அங்க நமக்கு சாப்பாடு?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை அவர் அன்று சாயங்காலமே தீர்மானித்து, செய்தும் முடித்தார். செய்ததைச் சொல்லிப் பெருமைப்பட ஒரு காது வேண்டும் அல்லவா? பக்கத்துச் சங்குக் கடை ஜானகிராமனிடம் போனார்.

"மூணு ஊர்லயும் கிச்சன் வெச்ச ரூமா பாத்து போட்டுட்டேன் ஜானகிராமா. சர்வீஸ் அபார்ட்மென்ட்டுன்னு பேரு. அவகிட்ட பால்கனிய மட்டும் சொல்லிக்கீறேன்."

"பாய், உங்க லாட்ஜு மாடிப்படியில 'அறையில் சமைக்கக் கூடாது'ன்னு போர்டு தொங்குதே."

"அது வர்றவங்களுக்கு. நாம போறவங்க."

"அக்காவுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்."

"போய் எறங்கினப்புறம் தெரிஞ்சா இன்னா? அட, இங்க அடுப்புகூட கீது பாருன்னு நானே ஆச்சரியப்படுவேன். புருஷன் பட்டினி கெடக்கறத எந்தப் பொம்பள பாத்துக்கினு இருப்பா? மொளகாத்தூளும் புளியும் என் பொட்டியில வருது."

ஜானகிராமன் கையிலிருந்த சங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கல்யாணமானவர், இது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

ஓட்டல் பஷீருதீன் பொறுப்பு என்றால் வீசா ஜஹனாராவின் பொறுப்பு. அதுதான் நியாயமும்கூட. லாட்ஜுக்கு வரும் ஒவ்வொரு வெளிநாட்டுக்காரனின் பாஸ்போர்ட், வீசா விவரத்தை உடனே கம்ப்யூட்டரில் ஏற்றி சர்க்காருக்கு அனுப்ப வேண்டும். கண்ணாடி போட்டும் அந்தப் பொடி எழுத்து பஷீருதீனுக்குப் பிடிபடாது. வருஷக்கணக்காக அதைச் செய்துவருபவள் ஜஹனாராதான். அடுத்தவர் வீசாவையே தூக்கத்தில் படிக்கிறவளுக்கு நம் வீசா எம்மாத்திரம்?

ஆனால் வீசா விண்ணப்பத்தில், எங்கே தங்குவீர்கள் என்று ஒரு கேள்வி வரும் என்பதை ஓட்டல் தொழிலில் ஊறிய பஷீருதீன் மறந்துபோனார்.

"அட்ரஸ் கேக்குதுங்க," என்றாள் ஜஹனாரா. "நீங்க போட்ட ஓட்டலு எல்லாம் லாட்ஜு மெயில்லதான வந்திருக்கும்?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் திறந்துவிட்டாள். ஒவ்வொரு படமாக விரலால் தள்ளினாள். கட்டில் போயிற்று. பால்கனி போயிற்று. அடுத்து வந்தது இரண்டு பர்னர் அடுப்பு. விரல் நின்றது. பஷீருதீன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பால்கனி நல்லாத்தான் கீது," என்று சொல்லிவிட்டு அவள் அட்ரஸை எழுதிக்கொண்டாள்.

தப்பித்தோம் என்று நினைத்தார் பஷீருதீன். பாவம், ஆம்பிளைகள் அதிகமாக ஏமாறுவது இந்த மாதிரி மௌனத்தில்தான்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் சோறு போடும்போது ஜஹனாரா ஆரம்பித்தாள்.

"டா நாங் ஓட்டல்கார அம்மா மெயில் போட்டுக்கீதுங்க."

"இன்னாவாம்?"

"நம்ம லாட்ஜு ரிவ்யூ எல்லாம் படிச்சிதாம். செஃப் பஷீர் மீன் கொழம்பு மாதிரி எங்கயுமே சாப்ட்டதில்லன்னு எழுதிக்கீறாங்களாமே."

எழுதியிருந்தார்கள். அது உண்மை. சீசனில் ஜஹனாரா வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமையல் வகுப்பு எடுப்பாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க, எழுத வரும், பேச வராது. அதனால் பேச்சு பஷீருதீன் இலாகா. அவள் அரைப்பாள், தாளிப்பாள், மீனைப் போடுவாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "மை ஃபேமிலி சீக்ரெட்," என்பார். ஊருக்குப் போன வெள்ளைக்காரர்கள் யார் பேசினாரோ அவர் பெயரை எழுதினார்கள். அதைத் திருத்த அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அதான், செஃப் பஷீர் இங்க வரும்போது எட்டுப் பேருக்கு ஒரு நாளு சமையல் கத்துக் குடுப்பாரான்னு அந்தம்மா கேக்குது. நம்ம ரூம்லயே கிச்சன் கீதாமே. உங்களுக்குத் தெரியாதா?"

பஷீருதீன் சோற்றைப் பிசைந்தார். பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார்.

"இருக்கும். இப்பல்லாம் எல்லா ரூம்லயும் வெச்சிடறானுங்க."

"வேணான்னு எழுதிடட்டுமா? எங்க வூட்டுக்காரருக்கு வெந்நி வெக்கவும் தெரியாது, சமைக்கிறதெல்லாம் நான்தான்னு எழுதிடறேன்."

"அதெல்லாம் எதுக்கு எழுதணும்?"

"அப்ப வர்றாருன்னு எழுதவா?"

ஒரு பக்கம் மானம், ஒரு பக்கம் மீன் குழம்பு. பஷீருதீன் மானத்தின் பக்கம் சாய்ந்தார். "எழுது," என்றார். அந்த மெயிலை ஒரு தடவை காட்டு என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. செஃப் என்ற வார்த்தை காதில் தேனாகப் பாய்ந்துகொண்டிருக்கும்போது யாருக்குக் கண்ணாடியைத் தேடத் தோன்றும்?

"அப்ப கத்துக்கினு போவணும்ங்க. எட்டுப் பேரு முன்னாடி நின்னுகினு முழிக்கக் கூடாது. நாளைக்குக் காலையிலேர்ந்து ஆரம்பிச்சிடுங்க."

மறுநாள் முதல் வீட்டில் இடம் மாறிற்று. ஜஹனாரா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, கையில் டீயுடன் உட்கார்ந்தாள். பஷீருதீன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றார். முதல் தோசை கல்லை விட்டு வர மறுத்தது. தோசைத் திருப்பியால் தாஜா செய்து எடுத்தபோது, நீளமாக, வளைந்து, நடுவில் இடுப்பு சிறுத்து வந்தது.

"பரவால்ல," என்றாள் ஜஹனாரா எட்டிப் பார்த்து. "அப்டியே வியட்நாம் மேப்பு. ஹனோய் பக்கம் மட்டும் கொஞ்சம் கருகிடுச்சி."

மாடியில் டென்மார்க் தம்பதி தங்கியிருந்தார்கள். பஷீருதீன் சுட்ட நாஸ்தாவை ஒரு நாள் சாப்பிட்டார்கள். மறுநாள் காலையில், உடம்புக்கு நல்லதென்று விரதம் இருக்கப் போவதாகப் பணிவாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு எதிர்க் கடையில் உட்கார்ந்து வாழைப்பழ தோசை சாப்பிட்டதைப் பஷீருதீன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மனசு வலித்தது. சாப்பிடாமல் எழுந்து போகிறவனைப் பார்த்தால் சமைத்தவனுக்கு எப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. உப்புக் கம்மி என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த தன்னுடைய நாட்கள் வரிசையாக ஞாபகம் வந்தன.

கத்திரி வெயில் வேறு. ஒரு மத்தியானம் மீனைக் கழுவி, மசாலா வதக்கி, புளி கரைத்து ஊற்றுவதற்குள் பனியன் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்துவிட்டது. கண்ணில் வேர்வை, மூக்கில் நெடி. அவர் மேலே பார்த்தார்.

"ஜஹனா, இங்க ஒரு ஃபேனுகூட இல்லியே."

"இல்லதான்."

"நீ சொன்னதே இல்லியே?"

"கல்யாணமான வருசமே சொன்னேன். மாடி ரூமுக்கு ஏசி போட்டுட்டு அப்புறம் பாக்கலான்னீங்க."

அவள் சண்டையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இந்த நெருப்பில் இவளை இத்தனை வருஷம் நிற்க வைத்துவிட்டு, நான் கையைக் கட்டிக்கொண்டு ஃபேமிலி சீக்ரெட் என்று பீற்றிக்கொண்டேனே என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. சாயங்காலமே செங்கல்பட்டுக்குப் போய் ஒரு ஃபேன் வாங்கிவந்து சமையலறையில் மாட்டினார்.

நாள் போகப் போகக் கை பழகிற்று. தோசை வட்டமாயிற்று. ஜானகிராமன் ஒரு நாள் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் மறுபடி தட்டை நீட்டினார். அதைவிடப் பெரிய விருது எந்த ஊரில் இருக்கிறது? பஷீருதீன் இப்போது டா நாங்கை நினைத்துப் பயப்படவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, "ஃபர்ஸ்ட் யூ டேக் ஸ்மால் ஆனியன்," என்று ஒத்திகை பார்த்தார். வீசாவும் வந்துவிட்டது. ஜஹனாரா இரண்டு பேருடையதையும் அச்சடித்துப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவர் பெட்டியில் சட்டை இரண்டு, மற்றதெல்லாம் மசாலா. ஒரு மண்சட்டியைத் துண்டில் சுற்றி, குழந்தையைப்போல மடியிலேயே வைத்துக்கொண்டு விமானத்தில் போனார்.

ஹனோயில் இறங்கி, ஓட்டல் அறைக் கதவைத் திறந்தார்கள். கட்டில் இருந்தது. ஜன்னல் இருந்தது. அடுப்பு இல்லை. பஷீருதீன் அலமாரியைத் திறந்தார். குளியலறைக்குள் பார்த்தார். திரையை விலக்கிப் பார்த்தார். வெந்நீர் கெட்டில் ஒன்றுதான் அகப்பட்டது. நேரே கீழே போய், நானும் ஓட்டல்காரன்தான், கிச்சன் உள்ள அறை போட்டிருக்கிறேன் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் நியாயம் கேட்டார். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தமுகமாகச் சொன்னாள்: மேடம் ஜஹனாரா பெயரில் சாதாரண அறை, காலைச் சாப்பாடு சேர்த்து.

மேலே வந்தார். ஜஹனாரா கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். அவள் பகலில் படுத்து அவர் பார்த்ததே இல்லை.

"நான் போட்ட ரூமு?"

"அட்ரஸ் எழுதின அன்னிக்கே மூணையும் கேன்சல் பண்ணிட்டேன். மூணு ஊர்லயும் நாஸ்தா குடுக்கற ஓட்டலாப் போட்டுட்டேன். வீசாவுலயும் அந்த அட்ரஸ்தான். ஹலால் சாப்பாடு எங்கெங்க கெடைக்குதுன்னும் பாத்து வெச்சிட்டேன்."

"அப்ப டா நாங்ல அந்தம்மா?"

"அந்தம்மா மெயிலே போடல."

"எட்டுப் பேரு?"

"இந்த ஊர்ல யாரும் உங்கள கேக்கலங்க."

பஷீருதீன் மண்சட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முதலில் பெரிய நிம்மதி. எட்டுப் பேர் முன்னால் நிற்க வேண்டியதில்லை. அதற்கு அப்புறம், சொல்ல வெட்கம், ஒரு சின்ன ஏமாற்றம். யாருமே கேட்கவில்லையா?

"நான் அஞ்சு நாளு கேட்டேன்," என்றாள் ஜஹனாரா மெதுவாக. "அதுக்குள்ளயும் அடுப்பக் கொண்டாந்து வெச்சீங்களே."

"தப்புதான் ஜஹனா," என்றார் அவர். மனசாரத்தான் சொன்னார். ஆனாலும் அடக்க முடியாமல் கேட்டார்: "இத்தினி நாளு வெயில்ல வெந்து நான் கத்துக்கினதெல்லாம் அப்ப வீணா?"

"வீணாவுமா?" அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டாள். "நாம ஊருக்குத் திரும்பின மறுநாளு பிரான்ஸ்லேர்ந்து எட்டுப் பேரு நம்ம லாட்ஜுக்கு வர்றாங்க. தெனமும் சமையல் வகுப்பு, எடுக்கறது செஃப் பஷீரு, ஜஹனாரா வேடிக்கை மட்டும் பாப்பாங்கன்னு தெளிவா எழுதிட்டேன். இத கேன்சல் பண்ண முடியாதுங்க."