பௌதிக மாப்பிள்ளை

சைக்கிளைப் பெண் வீட்டு வேலிப் படலைக்குள் தள்ளும்போதுதான் தரகர் தம்பிஐயா விசயத்தைச் சொன்னார்.

“தேவராசா, உம்மைப் பௌதிக வாத்தியார் எண்டு சொல்லிப்போட்டன். சமாளியும்.”

“நான் புடைவைக் கடையிலை துணி கிழிக்கிறனான் அண்ணை.”

“பள்ளிக்கூடத்திலை பௌதிகம் படிச்சனீர்தானே?”

“படிச்சனான். அதிலைதான் பெயில்.”

“பிறகென்ன, வாரும்.”

முப்பத்து நான்கு வயதுத் தேவராசாவுக்கு இது ஏழாவது சம்பந்தம். முதல் ஆறு வீட்டிலும் தேநீரோடு கதை முடிந்திருந்தது. இந்த வீட்டுப் பெண் பத்மாசினி தேநீர்த் தட்டோடு வந்தாள். கக்கத்தில் ஒரு கொப்பி. அவள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், வாத்தியாராகவே இருந்துவிடுவது என்று அவன் முடிவுகட்டினான்.

“பிள்ளைக்குப் பௌதிகம் எண்டால் விருப்பம். ஏதோ கேட்கப் போறாவாம்,” என்றார் பெண்ணின் தகப்பன் ஆழ்வாப்பிள்ளை.

பத்மாசினி கொப்பியைப் பார்த்து வாசித்தாள். “ஒரு கதிர்வீச்சுப் பொருளின்ரை அரைவாழ்வுக்காலம் எட்டு நாள். பதினாறு நாளிலை அணுக்கருக்கள் எவ்வளவு மிஞ்சும்?”

“எட்டு நாளிலை அரைவாசி போகும். அடுத்த எட்டிலை மற்ற அரைவாசியும் போகும். ஒண்டும் மிஞ்சாது.”

அவள் எழுதிக்கொண்டாள். இத்தோடு முடிக்க எண்ணி அவன், “உதெல்லாம் சின்னப்பிள்ளையளின்ரை கணக்கு,” என்றான்.

“அப்ப பாரமானதைக் காட்டு பிள்ளை,” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

“ஒலியின்ரை வேகம் முந்நூற்று நாற்பது. மீடிறன் நூற்றெழுபது. அலைநீளம் என்ன?”

மீடிறன் என்றால் அதிர்வெண் என்பதையே அவன் மறந்து பதினெட்டு வருடம். வகுக்க வேண்டிய இரண்டையும் கூட்டினான்.

“ஐந்நூற்றுப் பத்து.”

“என்ன அலகிலை?”

“ஐந்நூற்றுப் பத்து யார். இரட்டை அகலமெண்டால் பாதி காணும்.”

கடையில் யார்க் கணக்கில் துணி அளக்கும் பழக்கம் வாயை முந்திவிட்டது. அவள் அதையும் எழுதினாள்.

“மழை இருட்டாக் கிடக்கு. இனி எழுத்துத் தெரியாது,” என்று எழும்பப் பார்த்தான்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு நின்ற மின்சாரம் மூன்று வருடமாகியும் குடாநாட்டுக்குத் திரும்பவில்லை. ஆழ்வாப்பிள்ளை ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்திக்கொண்டு வந்தார்.

“வெளிச்சம் எண்டதும் ஞாபகம் வருது. மின்சாரத்திலையும் ஒண்டு கிடக்கு. கேள் பிள்ளை.”

“நாற்பது, அறுபது, நூறு வாட்ஸ் மின்குமிழ் மூண்டையும் தொடராய் இணைச்சால் எது கூட வெளிச்சமாய் எரியும்?”

“ஒண்டும் எரியாது. மூண்டு வருசமாய் எந்தக் குமிழ் எரிஞ்சது?”

“படிமுறை?”

“கரண்ட் இல்லை. ஆகவே வெளிச்சம் இல்லை.”

அவள் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தாள். தேவராசாவின் பேச்சை வீட்டிலும் கடையிலும் இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. மிதந்தபடி படலைக்கு வந்து, தரகருக்காகக் காத்து நின்றான். நல்ல நாள் பார்க்கிறார்களாக்கும் என்று காதைத் தீட்டினான்.

உள்ளேயிருந்து பெண்ணின் தாயின் குரல் கேட்டது.

“தம்பிஐயா அண்ணை, கணக்குப் பாடம் போன கிழமை வந்த மாப்பிள்ளை செய்து தந்தவர், பௌதிகமும் இண்டையோடை முடிஞ்சுது, பிள்ளையின்ரை சோதினைக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு, ரசாயனத்துக்கு ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”