உடம்பை விட்டு நகராத போன்

துண்டில் பாக்கெட் கிடையாது என்பது ஐந்தருவி வரிசையில் நிற்கும்போதுதான் பேச்சிராஜுக்கு உறைத்தது.

உடம்பு முழுக்க எண்ணெய். இடுப்பில் ஒரு சிவப்புத் துண்டு. கையில் கம்பெனி போன். எண்ணெய்க் கையில் அது விரால் மீன் மாதிரி நழுவிக்கொண்டிருந்தது.

"இங்கன குடுங்க, நான் பைக் பெட்டியில வச்சுப் பூட்டிருதேன்" என்றாள் மனைவி மாரிச்செல்வி.

"வண்டியில வைக்கக் கூடாது. ரூல்."

"அப்ப என்கிட்ட குடுங்க. நான் அப்புறமாக் குளிச்சுக்கிடுதேன்."

"குடும்பத்தார்கிட்டயும் குடுக்கக் கூடாது. அதுவும் ரூல்."

மாரிச்செல்வி அந்தப் போனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. நீங்களும் உங்க சக்களத்தியுமா சேந்து குளிங்க. நான் பொம்பளையாளுக பக்கம் போறேன்."

அவள் போய்விட்டாள். சாரல் முகத்தில் அடித்தது. மேலே ஐந்து கிளையாகப் பிரிந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மாதம் மும்மாரி பொய்த்தாலும் இந்த இரண்டு மாதச் சாரல் போதும் என்பதுபோல ஒரு கொட்டு. வரிசையில் இருந்த அத்தனை பேரும் வாயைத் திறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, பேச்சிராஜ் மட்டும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வராது. பன்னிரண்டு வருஷத்துப் பழைய மாடல். தடிமனான கறுப்புக் கட்டை. முதுகில் கேமரா இருந்த ஓட்டையைப் பசை ஊற்றி அடைத்திருந்தார்கள். தென்காசியில் எந்த செல்போன் கடையில் நீட்டினாலும் கடைக்காரர் இதைத் தொடாமலே சிரிப்பார்.

ஆனால் நிர்வாக மேலாளர் கைலாசம், வேலையில் சேர்ந்த அன்று, அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

"தம்பி, இதை போன்னு நெனைக்காத. இது கோட்டை."

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் அறிக்கைகளைச் சரிபார்த்து அனுப்பும் கம்பெனி அது. யாருக்கு என்ன நோய் என்ற ரகசியமெல்லாம் தென்காசி மெயின் ரோட்டு மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்குள் கிடந்தது. தினமும் காலையில் இந்தப் போன் காட்டும் ஆறு இலக்க எண்ணைத் தட்டினால்தான் அந்தக் கம்ப்யூட்டர்கள் கண் திறக்கும்.

"புதுசா வாற போன்ல ஆயிரம் கதவு" என்றார் கைலாசம். "படம் எடுக்கும், பேசுறதைக் கேக்கும், நீ நிக்க இடத்தை ஊருக்கே சொல்லும். எந்தக் கதவு எப்பத் தெறக்கும்னு செஞ்சவனுக்கே தெரியாது. இதுல கேமரா இல்ல. ஆப் ஏத்த முடியாது. இன்டர்நெட் கிடையாது. சந்தேகம் வந்தா பேட்டரியைக் கழட்டி மேசையில வச்சிரலாம். மொத்தமே ஒரு கதவு. அந்தக் கதவும் நம்ம ஆபீசைப் பாத்துத்தான் தெறக்கும். நம்ம முதலாளி சிவனணைந்தபெருமாள் அவிய கண்ணாலயே பாத்துத் தேர்ந்தெடுத்த போன் இது. உடம்பை விட்டு நகரக் கூடாது."

பேச்சிராஜுக்குப் புல்லரித்தது. வீட்டுக்கு வந்து அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அண்ணாந்து படுத்தான். தனக்குப் பக்கத்தில் ஒரு கோட்டை தூங்குகிறது என்ற நினைப்பில் அவனுக்குத் தூக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை அவனுக்கு வேலை நிரந்தரம் ஆகிறது. ஆகாவிட்டால் மறுபடி சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டும். ஆறு பேரோடு ஒரே அறை, ஒரே குழாய். அருவியைப் பார்க்கும்போது அந்தக் குழாய் ஞாபகத்துக்கு வந்தது.

எண்ணெய் தேய்த்துவிட்ட குற்றாலிங்கம், பாறையோரம் பாட்டில்களை அடுக்கிக்கொண்டே யோசனை சொன்னார். "பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கழுத்துல கட்டிக்கிடுங்க அண்ணாச்சி."

கட்டிக்கொண்டான். பத்தடி போவதற்குள் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"கழுத்துல என்ன அது?"

"போன் சார்."

"தண்ணி அடிக்க அடியில கயிறு கழுத்தை இறுக்கிரும். கழத்தி வச்சிட்டு வாங்க."

வரிசையை விட்டால் இன்னும் அரை மணி நேரம். பேச்சிராஜ் சுற்றுமுற்றும் பார்த்தான்.

குற்றாலத்துக்கு வருகிற எந்தக் கூட்டத்திலும் குளிக்காத ஆள் ஒருவர் உண்டு. சளியோ, புது மருதாணியோ, சும்மா சலிப்போ, ஏதாவது ஒரு காரணம். பத்துப் பேர் துணிமணிக்கு நடுவே அவர் உட்கார்ந்திருப்பார். முன்பின் தெரியாதவர்களும் வாட்ச், மோதிரம், பல்செட் வரைக்கும் அவர் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். அவரும் யார் எவர் என்று கேட்க மாட்டார். இந்த ஊரில் இது வழக்கம்.

பாறைமேல் அப்படி ஒரு அம்மாள் குடையோடு உட்கார்ந்திருந்தாள். ராயகிரியிலிருந்து வேனில் வந்த கூட்டமாம். பெயர் நாச்சியார்.

வண்டி, பீரோ, மனைவி, மச்சான், நண்பன் எல்லாம் கைலாசத்தின் ரூலில் இருந்தன. ராயகிரி நாச்சியார் இல்லை.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

"அப்படி ஓரமா வச்சிட்டுப் போங்க தம்பி" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அருவி தலையில் இறங்கியதும் பேச்சிராஜ் எல்லாவற்றையும் மறந்தான். போன், திங்கட்கிழமை, தன் பெயர் எதுவும் நினைவில்லை. மலையே இறங்கி வந்து முதுகைத் தட்டிக்கொடுத்தது போலிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் கைகூப்பியபடி நின்றார். எதை நோக்கி என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

திரும்பி வந்தபோது பாறையில் குடையும் இல்லை, நாச்சியாரும் இல்லை. அதே இடத்தில் ஒரு தடித்த ஆள் பேப்பரை விரித்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் வேறு துணி மூட்டைகள். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி பாரூக் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

"இங்கன இருந்த அக்கா?"

"வேன் கிளம்பிட்டுன்னு போயிட்டாவ. 'யாரோ ஒரு தம்பி சாமானு கெடக்கு, பாத்துக்கிடுங்க'ன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாவ."

"எங்க அது?"

பாரூக் தன் மூட்டைகளைப் புரட்டினார். சட்டை, பேன்ட், ஒரு பல்செட், மூன்று புதுப் போன்கள். "எதுய்யா உம்ம சாமானு?"

"இது எதுவும் இல்ல."

"அப்ப அந்த அக்கா வேனோட போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் மிக்சருக்குத் திரும்பினார்.

தலை துவட்டிக்கொண்டு வந்த மாரிச்செல்வி அவன் முகத்தைப் பார்த்தாள். "என்ன, சக்களத்தி ஓடிட்டாளா?"

"விளையாடாத. திங்கக்கிழமை..."

கவர், கயிறு, நாச்சியார் எல்லாவற்றையும் அவன் சொல்லி முடித்ததும் அவள் ஓடிப் போய்ப் பைக் பெட்டியிலிருந்து தன் போனை எடுத்து வந்தாள். "அடிச்சுப் பாப்போம். சத்தம் வாற பக்கம் போவோம்."

"நம்பர் உனக்கு எப்படித் தெரியும்? அது ரகசியம்."

"சார்ஜர்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே. தினமும் சார்ஜ் போடுறது யாரு?"

அவன் தடுப்பதற்குள் அடித்துவிட்டாள். எங்கும் மணி கேட்கவில்லை. அருவிச் சத்தம்தான் கேட்டது. ஆனால் ஒரே நிமிஷத்தில் அவளுடைய போன் அலறியது.

"நான் கைலாசம் பேசுதேன். எங்க ஆபீஸ் போன் ஒண்ணுக்கு இந்த நம்பர்லேருந்து கால் போயிருக்கு. வெளிநம்பர் அடிச்சா எனக்கு உடனே தகவல் வந்திரும். யாரு நீங்க?"

பேச்சிராஜ் கையெடுத்துக் கும்பிட்டான். மாரிச்செல்வி குரலைக் குழைத்தாள். "பேச்சிராஜ் வீட்டுல சார். இவுகளை இன்னும் வரக் காணுமேன்னு அடிச்சேன்."

"அவன் எங்க?"

"ஐந்தருவியில குளிச்சுக்கிட்டு இருக்காவ."

"அப்ப போன் யார்கிட்ட இருக்கு?"

"அவுககிட்டதான். உடம்பை விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

பிறகு கைலாசத்தின் குரல் கரகரத்தது. "அருவிக்குள்ளயா? போனைக் கொண்டுக்கிட்டா?"

"ஆமா சார். பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கழுத்துல கட்டிக்கிட்டுப் போனாவ."

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பையனை நான் பாத்ததில்லம்மா. நான் இலஞ்சியிலதான் இருக்கேன். கால் மணி நேரத்துல வாறேன். அவன் தண்ணிக்குள்ளேருந்து போனோட வெளிய வாறதை நான் கண்ணால பாக்கணும்."

அழைப்பு துண்டானது.

"நல்லாத்தான சொன்னேன்?" என்றாள் மாரிச்செல்வி.

"ரொம்ப நல்லாச் சொன்ன" என்று பேச்சிராஜ் பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

கால் மணி நேரம். வேனைத் துரத்த முடியாது. கடைசியில் மாரிச்செல்விதான் போலீஸ்காரரிடம் ஓடினாள். மைக்கில் சொல்லச் சொன்னாள். அவர் விவரம் கேட்டார். அவள் விவரமாகவே சொன்னாள்.

ஒலிபெருக்கி அருவிச் சத்தத்துக்கு மேலே ஏறியது. "பொதுமக்கள் கவனத்திற்கு. பேச்சிராஜ் என்பவருடைய கறுப்பு நிறப் பழைய போன் காணவில்லை. அதில் கேமரா கிடையாது. இன்டர்நெட் கிடையாது. ஆப் கிடையாது. கண்டெடுத்தவர்கள் ஒப்படைக்கவும். மிகவும் ரகசியமான போன்."

கூட்டம் சிரித்தது. 'ஒண்ணுமே கெடையாதுன்னா அதை எதுக்குத் தேடுதாவ?' என்று யாரோ கேட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் பேச்சிராஜ் முன்னால் ஏழு பழைய போன்கள் வந்து சேர்ந்தன. அருவிக்கு நல்ல போனைக் கொண்டு வரக் கூடாது என்று வீட்டில் கிடந்த பழசைக் கொண்டு வந்தவர்கள் தவறவிட்டவையாம். ஏழிலும் கேமரா இருந்தது.

எட்டாவதாகக் கைலாசம் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் பேச்சிராஜுக்குப் போர்த்திப் பாராட்ட ஒரு துண்டு. ஒலிபெருக்கி மூன்றாம் தடவையாக 'மிகவும் ரகசியமான போன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"நீ தண்ணிக்குள்ள இருக்கன்னு சொன்னாங்க?" என்றார் கைலாசம்.

"இருந்தேன் சார்."

"போன்?"

பேச்சிராஜ் எல்லாவற்றையும் சொன்னான். எண்ணெய், கயிறு, ராயகிரி நாச்சியார், வேன், ஒன்றையும் மறைக்கவில்லை. கைலாசம் அந்தத் துண்டால் தன் முகத்தையே துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் பாரூக் மிக்சரை முடித்து எழுந்தார். பேப்பர் சாரல் காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் பாரம் வைத்திருந்தார். ஒரு கல். இன்னொரு கல். ஒரு ஷாம்பு பாட்டில். நான்காவதாக, பிளாஸ்டிக் கவருக்குள், கோட்டை.

"அதுதான் சார்" என்று பேச்சிராஜ் பாய்ந்தான்.

"இது போனா?" பாரூக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லுன்னுல்லா நெனச்சேன்."

கைலாசம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். துடைத்தார். பட்டனை அழுத்தினார். திரை ஒளிர்ந்து, ரகசிய எண்ணைக் கேட்டது.

"இதைத் தெறந்து பாத்தீரா?" என்று பாரூக்கிடம் கேட்டார்.

"கல்லை எங்கயாவது தெறப்பாவளா?"

கைலாசம் கூட்டத்தைப் பார்த்தார். எத்தனை தலைகள். எத்தனை கைகள். அத்தனை கைகளிலும் பளபளவென்று போன்கள், அருவியைப் படம் பிடித்துக்கொண்டு, அந்த நொடியே எங்கெங்கோ அனுப்பிக்கொண்டு. நடுவில் இந்தக் கறுப்புக் கட்டை முக்கால் மணி நேரம் மிக்சர் பேப்பரைக் காவல் காத்திருக்கிறது. அவருக்குக் கண் கலங்கியது.

"இத்தனை ஆயிரம் பேரு நடமாடுத இடம்" என்று மெல்லச் சொன்னார். "ஒருத்தர் எடுக்கல. ஒருத்தர் தெறக்கல. ஒரு எழுத்து வெளிய போகல. என்ன போனுய்யா இது."

கடைசியில் பேச்சிராஜுக்கும் புல்லரித்தது. மாரிச்செல்விகூட ஒரு அடி தள்ளி நின்று அந்தப் போனை மரியாதையாகப் பார்த்தாள். பாரூக், அதன்மேல் சிந்தியிருந்த மிக்சர் தூளைத் தட்டிவிட்டார்.

"சார், அப்ப திங்கக்கிழமை..." என்று பேச்சிராஜ் இழுத்தான்.

கைலாசம் போனைத் தன் மடியில் கட்டிக்கொண்டார். "போன் பாஸ். நீ ஃபெயில்."

"சார்."

"தெரியாத ஆள்கிட்ட குடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்க. மைக்குல ஊருக்கே சொல்லியிருக்க. நான் மறைக்க முடியாது தம்பி. முதலாளி சிவனணைந்தபெருமாள் இந்தப் போனைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு யோசிச்சிருப்பாவ, எத்தனை நிபுணரைக் கேட்டிருப்பாவ. அவியகிட்ட போயி, 'உங்க போனைக் குற்றாலத்துப் பாறையில போட்டுட்டுக் குளிக்கப் போனான் ஒருத்தன்'னு எந்த வாயால சொல்ல? திங்கக்கிழமை நீ வர வேண்டாம்."

சென்னைக் குழாய் பேச்சிராஜின் காதுக்குள் சொட்டத் தொடங்கியது.

எண்ணெய் பாட்டில்களைக் கூடைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்த குற்றாலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"தாராளமாச் சொல்லுங்க அண்ணாச்சி. மூணு வருஷத்துக்கு முன்னால சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியும் இதே பாறையில அஞ்சு தினுசுப் போனை வரிசையா வச்சிட்டுத்தான் குளிக்கப் போனாவ. வந்து பாத்தா நாலைக் காணும், இது ஒண்ணு மட்டும் வச்ச எடத்துலயே கெடந்துச்சு, 'ஏ குற்றாலிங்கம், இதையே மொத்தமா வாங்கிருவோம்டே'ன்னு என்கிட்டதான் சொல்லிட்டுப் போனாவ."