மாடிக் கம்பியும் கம்பெனிச் சங்கும்

ஓசூர்,
6-11-1988

பாரூர் ஏரிக் காற்றில் உடம்பு வளர்க்கும் மாப்பிள்ளை வெங்கடப்பனுக்கு, உன் அக்கா சென்னம்மாவைக் கட்டிக்கொண்டு ஓசூரில் காலம் தள்ளும் மாமா தீர்த்தகிரி எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அக்காள் சுகம், அவள் வாயும் சுகம். அங்கே நீ, உன் சம்சாரம் மாரம்மா, கரும்பு, மாடு கன்று எல்லோரும் சுகமாக இருக்கக் குலதெய்வம் காப்பாற்றட்டும். நான் நாலாங்கிளாஸ். பிழை இருந்தால் திருத்திக்கொள், நீ அஞ்சு வரை போனவன்.

உன் கடுதாசி கிடைத்தது. மாடியில் குடியிருக்கும் நசருல்லா கம்பி நட்டு வெளிதேசத்தோடு ரகசியம் பேசுகிறானாம், அவனையும் அவன் சம்சாரம் அதியாவையும் இந்த மாசத்துக்குள் காலி பண்ணச் சொல்கிறாய். மாமனார் கட்டிய வீட்டில் கீழ்வீடு உன் அக்காளுக்கு, மாடி உனக்கு. உன் மாடி, உன் இஷ்டம், அதியாவுக்கு ஏழாம் மாசம் என்பதெல்லாம் உனக்கு எதற்கு. ஆனாலும் நடந்தது இன்னதென்று தெரிந்துகொண்டு காலி பண்ண வைத்தால் உனக்கு இன்னும் கொஞ்சம் நன்றாகத் தூக்கம் வரும்.

நசருல்லா எங்கள் கம்பெனியிலேயே எலெக்ட்ரீசியன். பரீட்சை எழுதி ரேடியோவில் பேச சர்க்கார் லைசென்ஸ் வாங்கியவன். அதில் அவனுக்கு ஒரு பேர் கொடுத்திருக்கிறார்கள், இரண்டெழுத்து, ஒரு நம்பர், மூன்றெழுத்து, பார்த்தால் லாரி நம்பர் மாதிரி இருக்கும். அவனை மாதிரி ரேடியோப் பைத்தியங்கள் தேசத்துக்கு நாலு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு சேட்டிலைட் செய்து, நாம் குந்தாரப்பள்ளி சந்தைக்கு லாரியில் ஓசியில் தொத்திக்கொண்டு போவது போல, யாரோ விட்ட ராக்கெட்டில் ஏற்றி விட்டார்களாம். அது தெற்கே எழுந்து வடக்கே விழும், மொத்தம் கால்மணி நேரம். அதற்குள் இங்கிருந்து பேசினால் அது வாங்கி வேறு தேசத்தில் கொட்டும். அது போகிற பக்கமெல்லாம் கம்பியைத் திருப்பிக்கொண்டே போகவேண்டும். திருப்ப மோட்டார் வைக்க வசதியில்லை, மாமா இருக்கிறார். பழைய சைக்கிள் ஹேண்டில்பாரை மீன்முள் மாதிரி இருக்கும் அந்த அலுமினியக் கம்பியில் மாட்டி என் கையில் கொடுத்துவிட்டான். அவன் ரூமுக்குள் காதில் மாட்டிக்கொண்டு, "மாமா, இன்னும் கொஞ்சம் தூக்குங்க, கொஞ்சம்னா கொஞ்சம்!" என்று கத்துவான். பத்தொன்பது நாள் தூக்கினேன் மாப்பிள்ளை, ஒரு சத்தமும் இல்லை. துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டு நாராயணம்மா, "ஏன் சார், வர்ற காக்காவை ஓட்டறீங்களா, கூப்பிடறீங்களா?" என்று கேட்டாள். உன் அக்காள், "அந்த சேட்டிலைட்டுக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைச்சீங்களா?" என்றாள்.

அது தினம் எத்தனை மணிக்கு எழும் என்று பெங்களூரிலிருந்து வந்த டயம் அட்டவணை சரி, கணக்குச் சரி, சேட்டிலைட்டைக் காணோம். அப்புறம் ஆயுத பூஜை வந்தது. நசருல்லா தன் ஸ்பேனர், டெஸ்டர் எல்லாம் கம்பெனி பூஜையில் வைத்தான். நான் சும்மா இருப்பேனா, "வாட்சும் ஆயுதம்தான்டா" என்று அவன் கையிலிருந்ததையும் கழற்றிக் குங்குமம் வைத்துவிட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதே, சாவி கொடுக்க ஆளில்லாமல் வாட்ச் நின்றுபோனது. மறுநாள் போய் எடுத்தான், அன்று லீவு, கம்பெனிச் சங்கு ஊதாது. அதனால் ரேடியோ நியூசுக்கு முன்னால் வரும் கீச் கீச்சுக்கு முள்ளைத் திருப்பினான். அன்று சாயங்காலம் ஏறினோம் பார், அட்டவணையில் போட்ட நிமிஷத்துக்கு வந்து நின்றது மாப்பிள்ளை! தாஷ்கண்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பேசினார். பேர் என்ன, ஊர் என்ன, சத்தம் எப்படிக் கேட்குது, அவ்வளவுதான் ரகசியம். நசருல்லா அழுதுவிட்டான். எனக்குத் தோள்வலி.

இதில் என்ன கோளாறு என்றால், எங்கள் தெருவில் ரேடியோவுக்கு வாட்ச் வைக்கிறவன் ஒருத்தனும் கிடையாது. சங்குக்குத்தான் வைப்போம். ரேடியோவா சம்பளம் தருகிறது? சங்கு ஊதி ஒரு நிமிஷம் போனாலும் அரை நாள் சம்பளம் வெட்டு. தெருவில் இருக்கிற அத்தனை வாட்சும் ராத்திரியில் இருபது நிமிஷம் தூங்கும், பகலில் இருபது நிமிஷம் கூட ஓடும். தினம் முள்ளைத் திருப்பித் திருப்பி, வாட்சுதான் சரியில்லை என்று பஸ் ஸ்டாண்டு மெஹபூப் பாஷா கடையில் கழுவக் கொடுத்தபடி இருந்தோம். பூஜை முடிந்து வேலைக்குப் போன அன்றுதான் தெரிந்தது, எட்டு மணிச் சங்கு ஏழு ஐம்பதுக்கே ஊதுகிறது, அஞ்சு மணிச் சங்கு அஞ்சு பத்துக்கு. சாயங்காலச் சங்குக்கு வைத்து, பத்து நிமிஷம் பிந்திப்போன வாட்சோடு மாடியேறி நான் தெற்கே பார்த்துக் கும்பிட்டபடி நின்றபோதெல்லாம் அது என் முதுகுப் பக்கம் வடக்கே இறங்கிப் போயிருக்கிறது.

இதை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, கேன்டீனில் மட்டும்தான் சொன்னேன். மறுநாள் ரேடியோ அஞ்சுக்கே நாற்பது பேர் கேட்டில் நின்றார்கள். பர்சனல் ஆபீசர் சௌந்தரராஜன் என்னைக் கூப்பிட்டார்.

"யாருய்யா டைம் பார்த்தது?"

"மேல இருக்கறவங்க சார்."

"மேலன்னா எந்த டிபார்ட்மென்ட்?"

"இன்னும் மேல சார். சேட்டிலைட்டு. அதுக்கு நீங்க மெமோ குடுக்க முடியாது."

இப்போது சங்கு சரியாக ஊதுகிறது. மிஷினில் கோளாறாம், சரி பண்ணிவிட்டார்களாம். பன்னிரண்டு வருஷம் காலையில் முந்தி, சாயங்காலம் பிந்தி, ஒரு நாள்கூட மாறிப்போய் நமக்கு லாபம் காட்டாத கெட்டிக்காரக் கோளாறு அது. அந்த வாரமே உன் கடுதாசி வருகிறது. மூன்று வருஷமாகப் பொங்கலுக்கு ஒரு கார்டு போடாத நீ, டைப் அடித்து அனுப்பியிருக்கிறாய். பாரூரில் மிஷின் எப்போது வந்தது மாப்பிள்ளை? ஆபீசர் ஜீப்பில் வந்தாரா, பஸ்ஸிலா? உன் கரும்பு வெட்டும் மச்சினனுக்கு வாட்ச்மேன் வேலை தருகிறேன் என்றாராமே, கேன்டீனில் எல்லாம் தெரியும்.

இருந்தாலும் நீ சொல்லி நான் தட்டியதுண்டா? நேற்றே நசருல்லாவிடம் சொல்லிவிட்டேன். உடனே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டான். வயிற்றுப் பிள்ளைக்காரியோடு வீடு தேடிப் போகிறவனுக்கு ஓசூரில் யார் கதவு திறப்பார்கள் என்பது உன் கவலையும் இல்லை, டைப் அடித்தவர் கவலையும் இல்லை. நீ நூறு வயசு இரு, உன் கரும்பு இடுப்பு பருமன் விளையட்டும், மாரம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

உன் சொல் தட்டாத மாமா,
தீர்த்தகிரி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதை உன் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். "மாடியத்தான காலி பண்ணச் சொன்னான் எந் தம்பி? பண்ணிட்டாப் போச்சு" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு மேலே போனாள். மத்தியானத்துக்குள் நசருல்லா, அதியா, பெட்டி, ரேடியோ எல்லாம் கீழ்வீட்டு முன்னறையில் இறங்கியாயிற்று. கம்பி எங்கள் கிணற்றடியில் நிற்கிறது. நீ கேட்டபடி உன் மாடி துடைத்துவிட்டது போல் காலி. வாடகை மட்டும் இனி வராது, விருந்தாளியிடம் யார் வாடகை வாங்குவார்கள்? மாடிச் சாவி உன் அக்காளின் இடுப்பில் இருக்கிறது. தைரியம் இருந்தால் வந்து கேட்டு வாங்கிக்கொள்.