எண்பத்துநாலு க்ரெடிட்டும் ஒரு கையெழுத்தும்

அறிவிப்புப் பலகையில் இருந்தது ஒரே வாக்கியம். ஸ்டோர் கீப்பர் அதை ஏழாவது முறையாகப் படித்தார். ஏழாவது முறையும் அது இரக்கம் காட்டவில்லை.

‘ஊழியர் அனைவரும் தங்கள் பட்டச் சான்றிதழின் அசலை வெள்ளிக்கிழமை மாலைக்குள் மேனேஜரிடம் நேரில் காட்ட வேண்டும்.’

மேனேஜர் அந்தக் குழாய்க் கம்பெனிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. சட்டையிலும் முகத்திலும் ஒரு சுருக்கம்கூட விழாத மனிதர் என்பதால் அவருக்கு ‘இஸ்திரி’ என்று பெயர். அவர் சிரித்ததைப் பார்த்தேன் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். அவரை யாரும் நம்பவில்லை.

காட்டுவதற்கு ஸ்டோர் கீப்பரிடம் சான்றிதழ் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்தபோது, படிப்பு என்ற கட்டத்தில் ‘பட்டம்’ என்று எழுதியிருந்தார். வாங்கிவிட்டேன் என்றா எழுதினார்? வாங்கிவிடலாம் என்ற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்தின் பேரில் மலிவான ஓர் ஆன்லைன் கல்லூரியில் சேர்ந்து, பாடத்துக்கு மூன்று க்ரெடிட் வீதம் எண்பத்துநாலு சேர்த்தும் விட்டார். பட்டத்துக்கு நூற்றிருபது வேண்டும். இதே வேகத்தில் போனால் மீதி முப்பத்தாறுக்கு இன்னும் நான்கு வருடம். இஸ்திரி கொடுத்திருப்பது நான்கு நாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். அவள் தையல் மெஷினில் இருந்தாள். வாயில் நான்கு குண்டூசி. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

“எல்லார்கிட்டயும் கேட்டிருக்காரா, உங்ககிட்ட மட்டுமா?”

“எல்லார்கிட்டயும்தான்.”

“அப்ப மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. நீங்க ஏன் முதல் ஆளா நடுங்கறீங்க?”

பொய் சொன்னவனுக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்காது, வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான் என்றார் அவர். அவள் குண்டூசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை, குழாய் அடுக்குகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டாவது கல்லூரிக்குப் போன் போட்டார். பழைய க்ரெடிட்டை மாற்றிக்கொண்டு சீக்கிரம் பட்டம் தருவதாக விளம்பரம் செய்திருந்த கல்லூரி அது. எடுத்த பெண் அவர் அனுப்பிய மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, எண்பத்துநாலில் அறுபதுதான் எங்கள் பாடங்களோடு பொருந்தும் என்றாள்.

ஸ்டோர் கீப்பர் ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீட்டில் எதிராளி முதலில் சொல்லும் எண்ணை வணக்கம் சொன்ன மாதிரி எடுத்துக்கொள்வார்களே தவிர, விலையாக எடுத்துக்கொள்வதில்லை.

“எண்பத்துநாலு எங்கே, அறுபது எங்கேம்மா? உங்க பேச்சும் வேண்டாம், என் பேச்சும் வேண்டாம். எழுபத்தெட்டுல முடிச்சுக்குவோம்.”

“சார், இது க்ரெடிட். கத்திரிக்காய் இல்ல.”

“அப்ப வேண்டாம், விடுங்க” என்று போனை வைத்தார். அவருடைய அப்பா கையாண்ட கடைசி ஆயுதம் அது. கடைப்படியில் நாலாவது படி இறங்குவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். மத்தியானம் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. மானத்தை விழுங்கிக்கொண்டு அவரே கூப்பிட்டார். பாடத்திட்டம் இன்று மதியத்திலிருந்து மாறிவிட்டது, இனி நாற்பத்தைந்துதான் என்று பதில் வந்தது.

“காலையில அறுபது சொன்னீங்களேம்மா.”

“காலையில நீங்க எடுத்துக்கலையே சார்.”

இவளும் ஏதோ கடைவீதியில் வளர்ந்தவள்தான் என்று அவருக்குப் புரிந்தது. அன்று முழுக்க அதே நினைப்பில் முக்கால் அங்குலக் குழாய் கேட்டவருக்கு மூன்று அங்குலக் குழாயை ஏற்றி அனுப்பினார்.

புதன்கிழமை மூன்றாவது கல்லூரி. அங்கே பேசியது தேன் தடவிய குரல். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரே முத்திரை.

“எண்பத்துநாலையும் அப்படியே எடுத்துக்கறோம் சார். நல்லதே நடக்கும்.”

அவருக்குப் பயம் அதிகமாயிற்று. பேரம் பேசாமல் படிகிற சரக்கு சாயம் போகும் என்று தெரியாதவரா அவர்? ஆனாலும் ரத்தத்தில் ஊறிய பழக்கம் வாயைத் திறந்துவிட்டது.

“அதோட கொசுறு என்ன தருவீங்க?”

“உங்க ஒன்பது வருஷ வேலை அனுபவத்துக்கு முப்பத்தாறு க்ரெடிட் சார். மொத்தம் நூத்திருபது. தற்காலிகச் சான்றிதழ் அன்னைக்கே ஈமெயில்ல வந்துடும். பழைய கல்லூரியிலிருந்து மட்டும் விலகிடுங்க. நல்லதே நடக்கும்.”

ஸ்டோர் கீப்பர் அப்படியே ஒரு குழாய்க் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். ‘விலகுகிறேன்’ என்ற பொத்தானை அந்த நிமிடமே அழுத்தினார். ஒன்பது வருடப் படிப்பு ஒரு தட்டில் கழன்றது. அதற்குப் பிறகுதான் தேன்குரல் மிச்சத்தைச் சொன்னது: அனுபவக் கடிதம் ஆபீஸ் தாளில் இருக்க வேண்டும், உடன் வேலை பார்க்கும் ஒரு பட்டதாரி அதில் கையெழுத்துப் போட வேண்டும், அவருடைய பட்டத்தின் நகலும் வேண்டும்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“நிறைய பேர் இந்த இடத்துலதான் நிக்கறாங்க சார். நல்லதே நடக்கும்.”

நேற்று வரை அவர் முக்கால் பட்டதாரி. இன்று எந்தக் கல்லூரிக்கும் சொந்தமில்லை.

வியாழக்கிழமை கடிதத்தை அடித்து எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவு அக்காவிடம் போனார். ஒரு நாளைக்கு இருநூறு பில்லில் கையெழுத்துப் போடுகிற கை அது. கடிதத்தில் ‘பட்டம் பெற்ற நான் சான்றளிக்கிறேன்’ என்ற வரிக்கு வந்ததும் அக்காவின் முகம் வெளிறியது.

“கை சுளுக்கிக்கிச்சு தம்பி” என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தப்பான மணிக்கட்டை.

விற்பனைப் பிரிவுக்காரர், காது புளிக்கப் பேசுகிறவர், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதே வரியைப் படித்தார், கீழே வாடிக்கையாளர் காத்திருப்பதாக ஜாடை காட்டினார், படியிறங்கிப் போய்விட்டார். கீழே யாரும் இல்லை என்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

ஸ்டோர் கீப்பருக்கு விஷயம் விளங்கியது. தன் பொய் வெளியே கசிந்துவிட்டது. மூழ்குகிறவனைத் தொட்டால் நாமும் மூழ்குவோம் என்று எல்லோரும் ஒதுங்குகிறார்கள். மிச்சம் இருப்பவர் இஸ்திரி ஒருவர்தான். அந்தக் கட்டடத்தில் பட்டம் நிச்சயமாக இருப்பதும் அவரிடம்தான். படிக்காமல் அப்படி ஒரு முகம் வராது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. பதினான்கு சரக்குச் சீட்டுகளுக்கு நடுவில், ஒன்பதாவதாக, கடிதத்தைச் செருகி மேனேஜர் அறைக்கு எடுத்துப்போனார். இஸ்திரி சீட்டுகளைப் படிக்க மாட்டார். ஓரத்தைத் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார். சான்றிதழின் நகலை என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் இருந்தால் இந்த அறைக்கே வந்திருக்க மாட்டார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று பேனா ஓடியது. ஸ்டோர் கீப்பர் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். ஏழு. எட்டு.

பேனா நின்றது.

இஸ்திரி கடிதத்தை எடுத்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். கீழே இருந்த கல்லூரியின் பெயருக்கு வந்தபோது அவர் நெற்றியில், நான்கு மாதத்தில் முதன்முறையாக, ஒரு சுருக்கம் விழுந்தது.

“கதவைச் சாத்துங்க.”

சாத்தினார்.

“ஒன்பது வருஷமா இருக்கீங்க. உங்ககிட்டயாவது இருக்கும்னு நம்பியிருந்தேன்.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். ஸ்டோர் கீப்பர் எல்லாவற்றையும் கொட்டினார்: கட்டத்தில் எழுதிய ஒற்றை வார்த்தை, எண்பத்துநாலு, அறுபது, நாற்பத்தைந்து, விலகிய பழைய கல்லூரி. வேலையை மட்டும் எடுத்துவிடாதீர்கள், கிடங்கைக் கூட்டுகிற வேலை என்றாலும் பார்க்கிறேன் என்று கையைக் கூப்பினார்.

இஸ்திரி கடிதத்தை மேஜையில் வைத்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டை முதுகில் ஈரமாக ஒட்டியிருந்தது.

மேஜை மேல் அவருடைய போன் அதிர்ந்தது. அதை நிறுத்தப் போன விரல் வழுக்கி அழைப்பை எடுத்து, ஸ்பீக்கரிலும் பட்டது. அறை முழுக்கத் தேன் வழிந்தது.

“வணக்கம் மேனேஜர் சார். உங்க அனுபவக் கடிதத்துல கையெழுத்துப் போட ஆள் தேடி ஆபீஸ்ல எல்லார் சான்றிதழையும் வாங்கிப் பார்க்கறேன்னீங்களே, பட்டம் வாங்கினவங்க ஒருத்தராவது கிடைச்சாங்களா? நல்லதே நடக்கும்.”