குடை எங்கே?

படக்கதை வாடகைக் கடையில் பாரத்தின் பேரில் நின்ற பாக்கி நூற்று எண்பத்தேழு ரூபாய். இப்போது அதைவிடப் பெரிய தலைவலி, சாயங்காலம் திருப்பித் தர வேண்டிய பதினாலாவது புத்தகம் தேநீரில் குளித்துக்கொண்டிருந்தது.

கிடங்கில் மூட்டை தூக்குகிறவருக்குப் பாரம் என்று பேர் வைத்தவர்கள் கூட வேலை செய்பவர்கள். நாற்பது தாண்டி, மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தவர். எழுத்து குறைவு, படம் அதிகம் என்றுதான் அந்த ஜப்பான் காதல் படக்கதையை முதலில் எடுத்தார். 'ஷோஜோ மாங்கா, வயசுப் பொண்ணுங்க படிக்கிறது' என்று கடைக்காரம்மா எச்சரித்தும் கேட்கவில்லை. இடமிருந்து வலம் படிக்கவே முதுகு ஒடிந்த மனுஷன், இதற்காக ஜப்பான்காரர் மாதிரி வலமிருந்து இடமாகப் பக்கம் புரட்டவும் பழகினார். என்ன பிரயோஜனம்? பதிமூன்று புத்தகமாக நாயகன் வாயைத் திறக்கிறான். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

அந்த ஆத்திரம்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பொங்கியது.

"பாருப்பா இதை!" என்று கிரேன்காரரிடம் பக்கத்தைக் காட்டினார். "ரயிலடி. மழை. அவளைத் தனியாக் கூட்டிட்டு வந்து கையையும் பிடிச்சுட்டான். பிடிச்சுக்கிட்டு என்ன கேக்கறான்? 'குடை எங்கே?'ங்கறான்!"

"மழை பெய்யுதுல்ல?"

"பெய்யட்டும். குடை எங்கேன்னா அந்தப் பொண்ணு ஏன் மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுவுது? பக்கம் பூரா எதுக்குப் பூவாக் கொட்டுது?"

"நல்ல குடையா இருந்திருக்கும்."

"போன புத்தகத்துல 'மணி என்ன?'ன்னான். அதுக்கும் அழுதா!" பாரம் மேசையில் ஓங்கி அறைந்தார். குவளை கவிழ்ந்தது.

புத்தகம் ஜப்பான் அச்சு. கடைக்காரம்மாவின் தங்கை அந்த மொழி படித்தவள். தமிழைச் சின்னச் சின்னச் சீட்டில் எழுதி, அவரவர் பேச்சின்மேல் ஒட்டுவாள். தேநீர் பட்டுப் பசை இளகியிருந்தது. பாரம் துண்டை எடுத்துத் துடைத்தார். பேச்சு மொத்தமும் துண்டோடு வந்துவிட்டது.

"பதறாதே, காய வெச்சுரலாம்" என்று கிரேன்காரர் கிடங்கின் பெரிய விசிறியைப் போட்டார்.

சீட்டெல்லாம் கிடங்கு முழுக்கப் பறந்தன. இரண்டு பேரும் மூட்டைச் சந்துகளில் தவழ்ந்து பொறுக்கினார்கள். எது எவர் வாய்க்கு என்று தெரியாமலே ஒட்டி முடித்துப் பார்த்தால், தலைமையாசிரியர் பூனையிடம், 'உன் கண்ணைப் பார்த்தால் தூக்கம் வரவில்லை' என்று உருகிக்கொண்டிருந்தார். பூனை, 'நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன்' என்றது.

"இப்பத்தான் கதை சூடு பிடிக்குது" என்றார் கிரேன்காரர்.

பாரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. 'புத்தகத்தைக் கெடுத்தவருக்கு இனி புத்தகம் இல்லை' என்று கடைச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. சனிக்கிழமை தோறும் அங்கே போய் நின்று அரை மணி நேரம் கதையைத் திட்டுவார். திட்டத் திட்டக் கடைக்காரம்மா சிரிப்பார். பாரத்தின் வாரத்தில் பாரமில்லாத நேரம் அது ஒன்றுதான்.

கடைசியில் ஒரு வாய் காலியாக நின்றது. ரயிலடி நாயகன். அவனுடைய குடைச் சீட்டு ஏதோ லாரியில் ஏறிப் போயிருந்தது.

"நீயே எழுதிடு. நீதான் படிச்சவனாச்சே."

மூட்டைக்குக் குறி போடும் பேனாவை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பாரம் எழுதினார்.

"என்னப்பா எழுதினே?"

"அவன் சொல்ல வேண்டியதை."

சாயங்காலம் கடைக்காரம்மா பக்கங்களைப் புரட்டினார். பூனையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். ரயிலடிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. மெல்ல வாசித்தார்.

"'உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. சனிக்கிழமை மட்டும் பார்த்தாப் போதலை.'"

"அவன் சொல்றதுங்க" என்றார் பாரம் அவசரமாக.

"ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. தினம் பார்த்துக்கறாங்க. இதுல சனிக்கிழமை எங்கேருந்து வந்துச்சு?"

பாரத்துக்குக் காது மடல் கொதித்தது. வாயைத் திறந்தார். சொல்லியும் விட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"ஒண்ணும் கேக்கலை. இன்னொரு தடவை சொல்லுங்க."

பதிமூன்று புத்தகமாகத் திட்டிய நாயகன்மேல் பாரத்துக்கு முதன்முதலாக இரக்கம் வந்தது. ஆனால் அவனைப் போல அவர் குடையைத் தேடவில்லை.

"அவன் இல்லைங்க, நான்தான்" என்றார். "சனிக்கிழமை மட்டும் பார்த்தாப் போதலைங்க."

கடைக்காரம்மா திரும்பி, சுவரில் தொங்கிய கரும்பலகையில் இருந்த நூற்று எண்பத்தேழை உள்ளங்கையால் அழித்தார்.

"ஐயோ, அது வேறே, இது வேறே. பாக்கியை எப்படியும் குடுத்துடறேன்" என்று பாரம் பையைத் துழாவினார்.

உள்ளறையிலிருந்து, கையில் பசைத் தூரிகையோடு தங்கை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு காசு குடுக்காதீங்க அண்ணே! கதையில அவன் மூணாவது புத்தகத்துலயே ஆசையைச் சொல்லிட்டான், அப்புறம் புத்தகத்துக்குப் புத்தகம் சொல்லிக்கிட்டேதான் இருக்கான். சொல்லிட்டான்னு தெரிஞ்சா நீங்க வர்றதை நிறுத்திடுவீங்கன்னு, அது மேலெல்லாம் 'குடை எங்கே, மணி என்ன'ன்னு ஒட்டச் சொன்னதே எங்க அக்காதான்!"