இந்த இடத்தைக் கேளுங்க

காப்புறுதி விற்க வருபவரிடமிருந்து தப்பிக்கலாம். நேரடி விற்பனைக் கூட்டத்துக்கு அழைப்பவரிடமிருந்தும், வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். பாட்டு சிபாரிசு செய்பவரிடமிருந்து மட்டும் தப்ப வழியே இல்லை. வயிறு சரியில்லை என்றால், வயிற்றுக்கும் ஒரு பாட்டு வைத்திருப்பார்.

இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். பார்வைக்கு நம்மைப் போலவேதான் இருக்கும். தே தாரிக் குடிக்கும், வரி கட்டும், வரிசையில் நிற்கும். தொலைபேசியை எடுத்துத் திரையை நம் பக்கம் நீட்டி, "ஒரே ஒரு நிமிஷம்" என்று சொல்லும்போதுதான் அடையாளம் தெரியும். அந்த ஒரு நிமிஷம் பத்து நிமிஷம் இருக்கும். பாட்டு நாலு நிமிஷம். மீதி முன்னுரை.

சும்மா கேட்டால் போதுமா? போதாது. கரைய வேண்டும். பாட்டு ஓடும்போது அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், பரீட்சை மண்டபத்துக் கண்காணிப்பாளர் மாதிரி. "இப்ப வருது பாருங்க... இந்த இடத்தைக் கேளுங்க!" என்று அவர் போடுகிற சத்தத்தில் அந்த இடம் காதில் விழாமலே போய்விடும். கண் கலங்கினால் விடுதலை. கலங்காவிட்டால் முதலிலிருந்து.

போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு நிறுவனமொன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் சிவநேசன், இந்த இனத்தின் உச்ச வளர்ச்சி. மழை பெய்தால் ஒரு பாட்டு, லோரி தாமதமானால் ஒரு பாட்டு, கூட வேலை செய்யும் ரியாஸுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று ஒரு பாட்டு. ஒவ்வொன்றோடும் ஒரு நினைவு ஒட்டியிருக்கும். டெங்கிலில் பஸ்ஸைத் தவறவிட்டது, பங்சாரில் குடை தொலைந்தது, முதல் சம்பளத்தில் ரேடியோ வாங்கியது. எந்தக் கதையானாலும் கதாநாயகன் ஒருவர்தான்.

"ரியாஸ், நேத்து அனுப்பினேனே, கேட்டியா?"

"கேட்டேண்ணே, சூப்பர்லா."

"எந்த இடம் சூப்பர்?"

ரியாஸ் திணறினான். "அந்த... நடுவுல வருமே அண்ணே."

நடுவில் ஏதாவது வரத்தானே செய்யும்?

"அதான்! அதே இடம்தான் தம்பி!" சிவநேசன் புல்லரித்துப்போய் இன்னும் மூன்று அனுப்பிவைத்தார்.

ஆனால் இந்த இனத்துக்கு ஓர் உடற்கூற்றுக் குறை உண்டு. வாய் இருக்கும், அனுப்பும் விரல் இருக்கும், காது இருக்காது. நீங்கள் ஒரு பாட்டை அவர்களுக்கு அனுப்பிப் பாருங்கள். பத்து விநாடி. அதற்குள், "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதக் கேளுங்க" என்று பதில் பாட்டு வந்து விழும்.

சிவநேசனின் மனைவி உஷாராணி, திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகளில் காரில் ஒரு வரிகூட முணுமுணுத்தது கிடையாது. எப்படி முணுமுணுப்பது? ஸ்டீயரிங் பக்கமிருந்து விளக்கவுரை ஓய்ந்தால்தானே? சில மாதங்களாக உஷாராணி சனிக்கிழமைதோறும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். "பாட்டு வகுப்புல சேர்ந்திருக்கேங்க" என்று இரண்டு முறை சொல்லியும் பார்த்தார். இரண்டு முறையும் சிவநேசன் உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்... இப்ப வருது" என்றார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உஷாராணி ஒரு குரல் பதிவைப் போட்டார். கீழே, "கேட்டுட்டுச் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி, எல்லாரும் வரணும்." சிவநேசன் ஒரு கையால் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே பதிவைத் தட்டினார். பத்து விநாடி. பிறகு தம் குரலிலேயே பதில் போட்டார்.

"யாரும்மா இது? இந்த இழு இழுக்குறாங்க! உணர்ச்சியே இல்ல. நான் ஒன்னு அனுப்புறேன், அதக் கேளு, அழுதுருவே."

ஈப்போ சித்தப்பா எதையோ எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டார். கடைசியில் உஷாராணியின் தங்கை லோகேஸ்வரிதான் எழுதினாள்.

"மாமா, அது அக்கா."

சிவநேசன் பதிலை அழித்தார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்கிற வரி, நீக்கப்பட்ட செய்தியைவிடச் சத்தமாக அங்கே நின்றது.

"உஷா, என் போன்ல ஸ்பீக்கர் சரியில்ல..." என்றார் அன்று மாலை.

"பரவால்லங்க. ஞாயித்துக்கிழமை நீங்க வர வேணாம். நீங்க உக்காந்திருந்தா எனக்குக் குரலே வராது."

கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னதைத்தான் சமாளிக்கத் தெரியவில்லை. மனைவி முதன்முறையாக மேடை ஏறுகிறார், ஊரே கேட்கப் போகிறது, தமக்கு மட்டும் இடமில்லை. என்ன செய்வார்? தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். சமாதானத்துக்கு ஒரு பாட்டு அனுப்பினார், அடுத்த அறைக்கு. சரிக்குறி நீலமாகவில்லை. இன்னொன்று அனுப்பினார். சனிக்கிழமைக்குள் ஒரு முழுநீளப் படத்துக்கு வேண்டிய அத்தனை பாட்டும் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்றும் திறக்கப்படவில்லை.

லோகேஸ்வரிதான் இரக்கப்பட்டாள். "வாங்க மாமா. கடைசி வரிசை. வாயத் தொறக்கக் கூடாது. போனைக் கார்லயே வச்சிட்டு வாங்க. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறிய மண்டபம். உஷாராணி ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இது என் தங்கச்சிக்காக. சின்ன வயசுல, அப்பாவுக்குப் போர்ட்ல நைட் ஷிஃப்ட். அம்மா ஆஸ்பத்திரில. இடி இடிச்சா இவ அழுவா. எனக்கு ஒரே ஒரு பாட்டுதான் தெரியும், ரேடியோல கேட்டது. அதையே திரும்பத் திரும்பப் பாடுவேன். பாதி வரி தப்பு."

பாடினார். முதல் வரியின் முடிவிலேயே குரல் இழுத்தது. சிவநேசன் பத்து விநாடியில் தீர்ப்பெழுதினாரே, அதே இழுப்பு. முன்வரிசையில் லோகேஸ்வரி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். சிவநேசன் பழக்கதோஷத்தில் தம் நினைவுக் கிடங்கில் தேடினார். டெங்கில் பஸ்? இல்லை. பங்சார் குடை? இல்லை. அந்தப் பாட்டுக்குள் அவர் எங்கேயுமே இல்லை. அவர் இல்லாமலே அது பாட்டுக்கு ஒருத்தியை அழவைத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் இப்படியும் பாட்டுகள் உண்டென்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருப்பார்கள், அப்போது அவர் பேசிக்கொண்டிருந்திருப்பார்.

திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் ஊர்ந்தன. பின்னிருக்கையில் லோகேஸ்வரி தூங்குவதுபோல் நடித்தாள்.

"என்ன, பாட்டு போடலையா?" என்றார் உஷாராணி.

"வேணாம்."

கொஞ்ச தூரம் போனதும் சிவநேசன் மெல்லக் கேட்டார். "எந்த வரியத் தப்பாப் பாடுவே?"

உஷாராணி திரும்பி அவரைப் பார்த்தார். தம் பாட்டைப் பற்றி அந்த மனிதரிடமிருந்து வந்த முதல் கேள்வி. ஷா ஆலம் தாண்டியும் பதில் முடியவில்லை. நடுவில் சிவநேசனுக்கு என்னென்னவோ நினைவுக்கு வந்து வாய் திறந்தது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து மூடிக்கொண்டார்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறுநாள் காலை ரியாஸின் போனில் உஷாராணியின் பதிவு. கூடவே முன்னுரை: இடி, மழை, அழுகிற குழந்தை, போர்ட்டில் அப்பா. "முதல் வரி முடியிற இடத்தக் கேளு தம்பி." அந்தக் கதையில் மட்டும் கதாநாயகன் இல்லை. அதுவரைக்கும் முன்னேற்றம்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அந்த ரகமில்லை என்றும் சொல்லிக்கொள்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படிக்கப் படிக்கவே, இதை உடனே அனுப்பியாக வேண்டிய ஒரு முகம் உங்களுக்கு நினைவுக்கு வந்ததா இல்லையா? எந்தப் பத்தியை அவர் கட்டாயம் கவனிக்க வேண்டும் என்றுகூட முடிவுசெய்துவிட்டீர்களே? தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன், அந்த ஆள் உங்களுக்கு அனுப்பி நீங்கள் திறக்காமல் வைத்திருப்பதைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்.

அவரும் இதைத்தான் அனுப்பியிருக்கிறார்.