நிற்கத் தெரியாத புரோகிராம்

கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. மாமியாருக்கே மார்க் போட வேண்டி வந்த ஒரு மருமகளின் கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அவளுக்கு அது சிரிக்கிற நேரமில்லை.

மாலை நேரக் கணினி வகுப்புக்கு அவள்தான் டீச்சர். போன முறை ஆள் சேராமல் வகுப்பே நடக்கவில்லை. இந்த முறையும் அப்படியானால் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான் என்று நிர்வாகி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எப்படியோ கடைசி நாளில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. நிம்மதியாக உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். முன்வரிசையில் மாமியார்!

"என்ன அத்தை, நீங்க இங்க?"

"படிக்கத்தான். வயசானவங்க வரக் கூடாதா, டீச்சர்?"

'அங்க போய் அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கறே?' என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது நேரிலேயே வேவு பார்க்க வந்துவிட்டார். போதாக்குறைக்கு, தையல்காரம்மாவும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரும் முதல் நாளே "அக்கா, அக்கா" என்று அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

முதல் அசைன்மென்ட் சுலபம். எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். பூஜ்யம் கொடுத்ததும் நிறுத்தி, கூட்டுத்தொகையைச் சொல்ல வேண்டும். மாமியாரின் புரோகிராம் பூஜ்யத்தை மதிக்கவேயில்லை. 'அடுத்த எண்?' 'அடுத்த எண்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

பத்துக்கு இரண்டு போட்டாள்.

அன்றைக்குச் சாப்பாடு முடியும்வரை வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

"எங்கம்மாவுக்கு ரெண்டா?" என்றான் கணவன்.

"நிறுத்தவே மாட்டேங்குதுங்க."

"அம்மா எழுதினதாச்சே, எப்படி நிறுத்தும்?" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி.

"காது கேக்குதுடா!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மாமியார் திருத்திக் கொண்டுவந்தார். இந்த முறை புரோகிராம் ஒரு எண்ணைக்கூடக் கேட்காமல், எடுத்த எடுப்பிலேயே நின்றது.

"நிக்கணும்னியே, நின்னுடுச்சா?"

வீட்டில் சண்டை வேண்டாமே என்று, மருமகள் தன் மாதிரி விடையிலிருந்து வரிகளை எடுத்து ரகசியமாக அதில் ஒட்டினாள். பத்துக்கு ஒன்பது போட்டாள்.

மாமியாரின் முகம் இன்னும் சுருங்கியது. "நான் எழுதினது எனக்குத் தெரியாதா? இது யாரு கைவேலை?"

அவள் அவசரமாக அடுத்த பாடத்துக்குத் தாவினாள். ஆனால் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்கு உறவுமுறை தெரியாதே. நிர்வாகி கூப்பிட்டனுப்பினார்.

"உங்க விடையும் உங்க மாமியார் விடையும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. வீட்டுலயே விடையைக் கொடுத்து அனுப்பறீங்களா?"

"நான்தான் திருத்தினேன், சார். அவங்களுக்குத் தெரியாது."

"அது இதைவிட மோசம்மா. நாளைக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா நான் பண்ண வேண்டியிருக்கும்."

வேலை கைநழுவிப் போவது கண்ணுக்கே தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகச் சேர்க்கைப் பிரிவு குமாஸ்தாவிடம் போனாள்.

"எங்க அத்தையை வகுப்புலேர்ந்து எடுத்துடுங்க. அவங்க வேவு பார்க்க வந்ததுல என் பொழைப்பே போயிடும் போலிருக்கு."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அவங்களை அனுப்பினா மத்தவங்களும் எழுந்து போயிடுவாங்க, டீச்சர். ஆள் இல்லாம வகுப்பை மூடப் போறோம்னு தெரிஞ்சு, அத்தனை பேரையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து சேர்த்ததே உங்க அத்தைதான்."

கண்ணுகளா, உங்கள் வீட்டில் பாத்திரச் சத்தத்தைவிடப் பேச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்கட்டும். அடுப்பும் விளக்கும் அணையாமல், எல்லோரும் நன்றாக இருங்கள்.